எட்டுக்குப் பிறகு என்ன வரும்?

கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மதுரையில் அக்கா வீட்டில் இருந்தபோது, எட்டாம் வகுப்பில் படிக்கும் அக்கா மகள் கைபேசியை என்னிடம் நீட்டி, "சித்தி, இதுல நான் போட்டது ஏன் தப்பு?" என்று கேட்டாள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் நுண்ணறிவுத் தேர்வு ஒன்றை அப்போதுதான் எழுதி முடித்திருந்தாள். அவள் காட்டிய கேள்வியில் 2, 3, 5, 8 என்று நான்கு எண்கள் இருந்தன. அடுத்து வரும் எண் எது என்று கேட்டு 10, 11, 12, 13 என்று நான்கு விடைகளைக் கொடுத்திருந்தார்கள். அவள் 12ஐத் தொட்டிருந்தாள். அதன்மேல் சிவப்புக் கட்டம் விழுந்து, 13தான் சரியான விடை என்று காட்டியது. ஏன் என்பதற்கு ஒரு வரி விளக்கம்கூட இல்லை.

தான் போட்ட வழியை அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள். 2க்கும் 3க்கும் வித்தியாசம் 1, 3க்கும் 5க்கும் 2, 5க்கும் 8க்கும் 3. ஆகவே அடுத்த வித்தியாசம் 4, விடை 12. இதில் பிழை எதுவும் இல்லை. கேள்வி எழுதியவர் நினைத்த வழி வேறு: முந்தைய இரண்டு எண்களைக் கூட்டினால் அடுத்த எண் வரும் என்பதால் 2ம் 3ம் 5, 3ம் 5ம் 8, 5ம் 8ம் 13. இதிலும் பிழை இல்லை. கொடுத்த நான்கு எண்களுக்கு இரண்டு விதிகளுமே பொருந்துகின்றன. இன்னும் சொல்லப்போனால், அவளுடைய விதி முதல் எண்ணுக்குப் பின் வரும் மூன்று எண்களையும் உருவாக்கிக் காட்டுகிறது. மற்ற விதியோ முதல் இரண்டு எண்களைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டு, பின்னிரண்டை மட்டுமே உருவாக்குகிறது. "நீ போட்டது சரிதான்" என்று நான் சொன்னதை அவள் முழுதாக நம்பவில்லை. திரையில் அவளுடைய நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) ஓர் எண்ணாக வந்துவிட்டது. "நான் சுமார்தான் போல சித்தி" என்று சொல்லிவிட்டு நோட்டை மூடி வைத்தாள்.

நான் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணிதம் நடத்துகிறவள். எண் தொடர் கேள்விகளை வகுப்பில் நானே பலமுறை கேட்டிருக்கிறேன். அதனால் அந்தச் சிவப்புக் கட்டத்தை என்னால் அவ்வளவு எளிதாகக் கடந்துவிட முடியவில்லை.

கணிதத்தைக் கறாராகப் பார்த்தால், முடிவுள்ள எந்த எண் தொடரையும் நாம் விரும்பும் எந்த எண்ணைக் கொண்டும் தொடரலாம். அதற்கு ஒரு விதியும் எழுதலாம். 2, 3, 5, 8 என்பதற்கு அடுத்தது 100 என்று ஒருவர் சொல்வதாக வைத்துக்கொள்வோம். தொடரில் ஓர் எண் எத்தனையாவது இடத்தில் இருக்கிறதோ அந்த இட எண்ணிலிருந்து 1, 2, 3, 4 ஆகியவற்றைத் தனித்தனியே கழித்து, வருகிற நான்கு எண்களையும் பெருக்கி, 24ஆல் வகுத்தால், முதல் நான்கு இடங்களிலும் பூச்சியம் கிடைக்கும், ஐந்தாம் இடத்தில் 1 கிடைக்கும். அதை 88ஆல் பெருக்கி அக்கா மகளின் விதியோடு சேர்த்தால், முதல் நான்கு எண்களும் மாறாமல் இருக்க, ஐந்தாவது எண் 100 ஆகிவிடும். பள்ளிக் கணிதத்தின் இடைச்செருகல் பாடத்தில் லெக்ராஞ்சி சூத்திரம் என்று நாம் நடத்துவதும் இதே கருத்துதான்.

"இதெல்லாம் வலிந்து செய்வது, மிக எளிய விதி எதுவோ அதுதான் விடை" என்று உடனே ஒரு மறுப்பு வரும். அது நியாயமான மறுப்பு. 100ஐ நானும் விடையாக ஏற்க மாட்டேன். ஆனால் எளிமையை எதைக் கொண்டு அளப்பது? ஒரு தொடரை உருவாக்கும் மிகச் சிறிய கணினி நிரலின் நீளமே அந்தத் தொடரின் சிக்கலுக்கு அளவு என்று ரஷ்யக் கணிதவியலாளர் கொல்மகோரவ் 1965இல் ஒரு வரையறை தந்தார். எந்தக் கணினி மொழியில் நிரலை எழுதினாலும் நீளத்தில் வரும் வேறுபாடு ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டாது என்பது அந்த வரையறையின் வலிமை. ஆனால் அந்த "குறிப்பிட்ட அளவு" நான்கு எண்கள் கொண்ட தொடரைவிடப் பெரிதாக இருக்கக்கூடும். நீண்ட தொடருக்கு எளிமை என்பது ஏறக்குறைய எல்லோருக்கும் பொதுவான ஒன்று. குறுந்தொடருக்கு அது பார்ப்பவரின் பழக்கத்தைப் பொறுத்தது. முந்தைய இரண்டு எண்களைக் கூட்டி அடுத்ததைப் பெறும் ஃபிபனாச்சி தொடரைக் கேள்விப்பட்டவருக்குக் கூட்டுவது எளிது. கேள்விப்படாத எட்டாம் வகுப்பு மாணவிக்கு வித்தியாசம் பார்ப்பது எளிது. ஆக, அந்தக் கேள்வி சோதித்தது சிந்திக்கும் திறனை அல்ல. இந்த விதிக்கு ஏற்கெனவே அறிமுகம் உண்டா என்பதைத்தான்.

நீல் ஸ்லோன் என்ற கணிதவியலாளர், மாணவராக இருந்த 1964ஆம் ஆண்டிலிருந்து எண் தொடர்களைச் சேகரித்து வருகிறார். 1996 முதல் இணையத்தில் இருக்கும் அந்தக் களஞ்சியத்தில் இன்று 3,50,000க்கும் மேற்பட்ட தொடர்கள் உள்ளன. நான்கைந்து எண்களை அதில் இட்டுத் தேடினால், அவற்றைக் கொண்ட தொடர்கள் பக்கம் பக்கமாக வந்து நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கணிதத்தில் உண்மையான ஒரு பிறப்பிடம் இருக்கிறது. நுண்ணறிவுத் தேர்வுக்கு எண் தொடர் எழுதுகிறவர்கள் அனைவரும் ஒருமுறையாவது அந்தத் தேடலைச் செய்து பார்க்க வேண்டும்.

வகுப்பில் நான் ஆண்டுதோறும் செய்யும் ஒரு காரியத்தை இங்கே சொல்ல வேண்டும். ஒரு வட்டம் வரைந்து, அதன் விளிம்பில் புள்ளிகள் வைத்து, எல்லாப் புள்ளிகளையும் ஒன்றோடொன்று கோட்டால் இணைத்து, வட்டத்திற்குள் எத்தனை பகுதிகள் உருவாகின்றன என்று எண்ணச் சொல்வேன். ஒரு புள்ளி இருந்தால் 1 பகுதி, இரண்டு இருந்தால் 2, மூன்றுக்கு 4, நான்குக்கு 8, ஐந்துக்கு 16. இந்த இடத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு ஆறாவதற்கு விடை சொல்லச் சொன்னால், வகுப்பு முழுவதும் 32 என்றுதான் சொல்லும். பிறகு வரையச் சொல்வேன். மூன்று கோடுகள் ஒரே இடத்தில் வெட்டாதபடி கவனமாக வரைந்து எண்ணினால் 31 பகுதிகள்தான் வரும். பிள்ளைகள் ஒன்றை விட்டுவிட்டோம் என்று நினைத்து, வண்ணப் பென்சிலால் ஒவ்வொரு பகுதியையும் தீட்டிக்கொண்டே மறுபடி எண்ணுவார்கள். மறுபடியும் 31தான் வரும். ஐந்து எண்கள் வரை மாறாமல் இரட்டித்த ஒன்று, ஆறாவதில் மாறிவிடுகிறது. 1, 2, 4, 8, 16 என்று கொடுத்து 32ஐ மட்டுமே சரி என்று சொல்லும் கேள்வியைப் பார்க்கும்போதெல்லாம், அந்த வண்ணம் தீட்டிய வட்டங்கள்தான் என் நினைவுக்கு வருகின்றன.

"மேதைகளால் மட்டுமே முடியும்" என்ற வாசகத்தோடு வாட்ஸ்அப்பில் பல ஆண்டுகளாகச் சுற்றி வரும் ஒரு கணக்கு, இந்தக் குறையை இன்னும் தெளிவாகக் காட்டும். 1+4=5, 2+5=12, 3+6=21, அப்படியானால் 8+11 எவ்வளவு? எங்கள் பழைய மாணவர் குழுவில் ஒரு நாள் முழுவதும் இதன்மேல் சண்டை நடந்தது. ஒரு சாரார் 40 என்றார்கள்: ஒவ்வொரு வரியின் கூட்டுத்தொகையோடும் முந்தைய வரியின் விடையைச் சேர்த்தால் 5, 12, 21, பிறகு 21ஓடு 19 சேர்த்து 40. மறுசாரார் 96 என்றார்கள்: இரண்டையும் பெருக்கி, அதோடு முதல் எண்ணைக் கூட்டினால் 5, 12, 21, பிறகு 88ம் 8ம் 96. இரண்டு பக்கமும் கணக்கைச் சரியாகத்தான் செய்திருந்தது. நான் ஒரு தாளை எடுத்து, கேள்வியில் விடுபட்ட வரிகளை எழுதிப் பார்த்தேன். 4+7, 5+8, 6+9, 7+10 ஆகிய நான்கு வரிகளையும் இடையில் சேர்த்து, முதல் சாராரின் வழியிலேயே போனால் 32, 45, 60, 77 என்று வந்து, 8+11க்கு 96 கிடைக்கிறது. ஆக, இரண்டு விதிகளும் முதல் வரியிலிருந்து வரிசையாகப் போகும்வரை ஒன்றேதான்! மூன்றாவது வரியிலிருந்து எட்டாவது வரிக்குக் கேள்வி தாவியதா, அல்லது நான்காவது வரியே அதுதானா என்பதைச் சொல்லாமல் விட்ட ஒரே காரணத்தால் இரண்டு விடைகள் பிறந்தன. இரவு பத்து மணிக்கு இதைக் குழுவில் எழுதினேன். அன்று முழுவதும் ஒருவரையொருவர் முட்டாள் என்று சொல்லிக்கொண்டவர்கள், குறை கேள்வியில்தான் இருந்தது என்பதை அதன் பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள்.

பொருந்தாததைக் கண்டுபிடிக்கும் கேள்விகளில் நிலைமை இதைவிட மோசம். 8, 27, 36, 64 என்ற நான்கு எண்களை எடுத்துக்கொள்வோம். 36 மட்டும் கன எண் அல்ல என்பதால் அதுவே விடை என்று கேள்வி எழுதியவர் நினைத்திருப்பார். ஆனால் 27 மட்டுமே ஒற்றைப்படை எண். 64 மட்டுமே வர்க்கமாகவும் கனமாகவும் ஒருசேர இருக்கும் எண். 8 மட்டுமே ஓரிலக்க எண். இந்த நான்கு காரணங்களும் சம எடை கொண்டவை என்று நான் சொல்லவில்லை. ஓரிலக்கம் என்பது எண்ணை நாம் எழுதும் முறையின் பண்பே தவிர, எண்ணின் பண்பு அல்ல. ஆனாலும் எந்தப் பண்பைப் பார்க்க வேண்டும் என்று கேள்வி சொல்லவில்லையே. வகுப்பில் பேசுவதற்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது. ஒரே ஒரு விடைக்கு மட்டும் மதிப்பெண் தரும் தேர்வுக்கு இதைவிடக் கெட்ட கேள்வியும் கிடைக்காது.

ரஷ்ய உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியா 1931, 1932 ஆண்டுகளில் உஸ்பெகிஸ்தான் கிராமங்களுக்குச் சென்று உழவர்களிடம் இத்தகைய கேள்விகளைக் கேட்டார். சுத்தியல், ரம்பம், மரக்கட்டை, கோடாலி ஆகியவற்றில் பொருந்தாதது எது? மற்ற மூன்றும் கருவிகள் என்பதால் மரக்கட்டை என்ற விடையை அவர் எதிர்பார்த்தார். அந்த உழவர்களோ எல்லாமே வேண்டும் என்றார்கள்: கட்டை இல்லாவிட்டால் ரம்பமும் கோடாலியும் எதற்கு? தச்சுப் பட்டறையில் நாள் முழுவதும் நிற்கும் ஒருவரிடம் நம் ஊரில் கேட்டாலும் இதே விடை வரக்கூடும். லூரியா எதிரில் உட்கார்ந்து, மேலும் மேலும் கேட்டு, அந்த விடைக்குப் பின்னால் இருந்த காரணத்தை எழுதி வைத்தார். அதனால்தான் இன்று அந்த உழவர்களின் சிந்தனை நமக்குத் தெரிகிறது. ஓர் இணையத் தேர்வில் அது "தவறு" என்ற ஒரே சொல்லாகக் கழிந்து போயிருக்கும்.

பிரெஞ்சு உளவியலாளர்கள் ஆல்ஃபிரட் பினேயும் தியோடர் சிமோனும் 1905இல் பாரிஸில் உருவாக்கிய முதல் நுண்ணறிவுத் தேர்வை, ஒரு குழந்தையை எதிரில் உட்கார வைத்து ஒரு மனிதர்தான் நடத்தினார். பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் குழந்தைகளைக் கண்டறிவதே அதன் நோக்கம். இன்று உளவியலாளர்கள் தனித்தனியாக நடத்தும் வெக்ஸ்லர் நுண்ணறிவுத் தேர்வுகளிலும், விடை தெளிவில்லாமல் இருந்தால் "இன்னும் கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்கள்" என்று கேட்பதற்கு நடத்துபவருக்கு அனுமதி உண்டு. 1917இல் அமெரிக்க ராணுவம் லட்சக்கணக்கான வீரர்களைக் கூட்டமாக உட்கார வைத்துத் தேர்வு நடத்தத் தொடங்கியபோது அந்த வாய்ப்பு போயிற்று. கிரிஸ்கோ என்பது மருந்தா, கிருமிநாசினியா, பற்பசையா, உணவுப் பொருளா என்பது அந்தத் தேர்வில் இருந்த ஒரு கேள்வி. அது அமெரிக்கக் கடைகளில் விற்ற சமையல் கொழுப்பின் பெயர். அப்போதுதான் கப்பலில் வந்து இறங்கியவர்களும் அதற்கு விடை சொல்ல வேண்டியிருந்தது.

இன்றைய இணையத் தேர்வுகளில் ஜே, எஃப், எம், ஏ, எம் என்ற எழுத்துகளைக் கொடுத்து அடுத்தது என்ன என்று கேட்கிறார்கள். ஆங்கில மாதப் பெயர்களின் முதலெழுத்துகள் அவை என்று தோன்றினால் ஒரு நொடியில் விடை வந்துவிடும். சித்திரை, வைகாசி என்று மாதங்களை எண்ணி வளர்ந்தவருக்கு எத்தனை நிமிடம் யோசித்தாலும் தோன்றாமல் போகலாம். கிரிஸ்கோவுக்கும் இதற்கும் எனக்குப் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

விடுகதையைத் தேர்வுக் கேள்வி என்று கொடுப்பது மற்றொரு கோளாறு. மரத்தில் பத்துக் குருவிகள், ஒன்றைச் சுட்டால் மீதி எத்தனை என்று சிறு வயதில் நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். ஒன்பது என்று சொல்பவரைப் பார்த்துச் சிரித்து, மற்றவை பறந்துவிடும் என்று சொல்வோம். அங்கே கேட்பவருக்கும் கேட்கப்படுபவருக்கும் இது விடுகதை என்ற புரிதல் இருக்கிறது; தோற்றாலும் இழப்பு ஒன்றுமில்லை. கழித்தல் கணக்குகளுக்கு நடுவே, நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது, முன்னறிவிப்பு இல்லாமல் இதே கேள்வியை வைத்துவிட்டு, ஒன்பது என்று சொல்லும் குழந்தையின் மதிப்பெண்ணைக் குறைப்பது நேர்மையான செயல் அல்ல. முந்தைய கேள்விகள் எல்லாம் எப்படி எழுதப்பட்டிருந்தனவோ அப்படித்தான் அந்தக் குழந்தை இதையும் படித்தது.

நல்ல தேர்வுகளை இப்படி எழுதுவதில்லை. படவரிசையில் விடுபட்ட வடிவத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லி, உளவியலாளர் ஜான் ரேவன் 1938இல் வெளியிட்ட தேர்வில் 60 கேள்விகள், 12 கேள்விகள் வீதம் ஐந்து தொகுதிகளாக உள்ளன. ஒவ்வொரு தொகுதியும் மிக எளிதான கேள்வியில் தொடங்கி, அதில் கற்ற முறையே அடுத்த கேள்விக்கு உதவும்படி ஏறிச் செல்லும். எதைத் தேட வேண்டும் என்பதை முதல் கேள்விகளே சொல்லிக்கொடுத்துவிடுகின்றன. அதைப் பார்த்து வரைந்த இணைய நகல்களில் எனக்குக் கிடைத்தவை பெரும்பாலும் படங்களை மட்டுமே நகல் எடுத்திருந்தன, அந்த ஏணியை அல்ல. அக்கா மகள் எழுதிய தேர்வில் ஒரு படத்தின் மெல்லிய குறுக்குக்கோடு கைபேசித் திரையில் தெரியவே இல்லை. இரண்டு விரலால் பெரிதாக்கிய பிறகுதான் அப்படி ஒரு கோடு இருப்பதே எங்களுக்குத் தெரிந்தது.

பி.எட். படிப்பில் வினாப் பகுப்பாய்வு என்று ஒரு பாடம் உண்டு. மொத்த மதிப்பெண்ணில் மேலே உள்ள 27 சதவீதத்தினரையும் கீழே உள்ள 27 சதவீதத்தினரையும் பிரித்து, ஒவ்வொரு கேள்விக்கும் யார் எந்த விடையைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பார்க்கச் சொல்வார்கள். மற்ற கேள்விகளில் நன்றாகச் செய்தவர்கள் ஒரு கேள்வியில் மட்டும் இரண்டு விடைகளுக்கு இடையே பாதிப் பாதியாகப் பிரிந்தால், சந்தேகப்பட வேண்டியது மாணவரை அல்ல, கேள்வியை. காகிதத்தில் கோடு போட்டு இதைச் செய்த காலத்தில் ஒரு நாள் பிடித்தது. ஆயிரக்கணக்கானோரின் விடைகளைக் கணினியிலேயே வைத்திருப்பவர்களுக்குச் சில நிமிடங்கள்தான் பிடிக்கும்.

பெரிய அமைப்புகள் தவறே செய்வதில்லை என்பது என் வாதம் அல்ல. 1982 மே மாதம் அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வில் ஒரு கேள்வி வந்தது. ஒரு சிறு வட்டத்தின் ஆரம் பெரிய வட்டத்தின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு. சிறியது பெரியதன் விளிம்பைச் சுற்றி உருண்டு, தொடங்கிய இடத்திற்கு வருவதற்குள் எத்தனை முறை சுழலும்? தேர்வை வைத்தவர்கள் 3 என்றார்கள். உண்மையில் அது 4 முறை சுழல்கிறது. 4 என்ற விடை பட்டியலிலேயே இல்லை. இரண்டு ஐந்து ரூபாய் நாணயங்களை மேசையில் வைத்து, ஒன்றை மற்றதன் விளிம்பில் வழுக்காமல் உருட்டிப் பார்த்தால், ஒரு சுற்று முடிவதற்குள் அது இரண்டு முறை சுழல்வதை யாரும் காணலாம். அதோடு, "சுழல்வது" என்ற சொல்லை எப்படிப் பொருள் கொள்கிறோம் என்பதைப் பொறுத்து 1 என்றும் 3 என்றும்கூட வாதிடலாம் என்று பிறகு சுட்டிக்காட்டினார்கள். சுமார் 3 லட்சம் பேர் எழுதிய தேர்வில் மூன்று மாணவர்கள் கடிதம் எழுதினார்கள். அந்தக் கேள்வி நீக்கப்பட்டு, மதிப்பெண்கள் மறுபடி கணக்கிடப்பட்டன. பல ஆண்டுகள் அனுபவம் உள்ளவர்கள் கூடிப் பார்த்த கேள்வியிலேயே இது நடந்தது என்றால், யாரும் சரிபார்க்காத கேள்விகளைப் பற்றி என்ன சொல்வது?

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வுகளிலும் திறனறிவுப் பகுதி உண்டு. தொகுதி நான்கில் அதற்கு 25 கேள்விகள். தேர்வு முடிந்ததும் உத்தேச விடைகளை வெளியிட்டு, ஆட்சேபம் இருந்தால் குறித்த நாட்களுக்குள் ஆதாரத்தோடு தெரிவிக்கச் சொல்கிறார்கள். அந்த வழியில் குறைகள் இருக்கலாம். ஆனால் வழி என்று ஒன்று இருக்கிறது. அக்கா மகள் எழுதிய இணையத் தேர்வில் விளக்கம் கேட்க ஒரு பொத்தான்கூட இல்லை. முழு அறிக்கை வேண்டுமானால் பணம் கட்டுவதற்கான பொத்தான் மட்டும் பெரிதாக இருந்தது.

எனக்கு உள்ள கவலை இதுதான். எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கான மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வான என்.எம்.எம்.எஸ்.ஸின் மனத்திறன் பகுதிக்குப் பயிற்சி என்று நினைத்துத்தான் அவள் அந்தத் தேர்வை எழுதினாள். என்.எம்.எம்.எஸ்.ஸில் தேர்ச்சி பெற்றுத் தெரிவானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும்; அக்கா வீட்டுக்கு அது சிறிய தொகை அல்ல. பயிற்சிக்கு உட்கார்ந்த பிள்ளை, சரியாக யோசித்து எழுதிய விடைக்காகத் தன்னைச் சுமார் என்று முடிவு கட்டிக்கொண்டு எழுந்தாள். அடுத்த முறை இரண்டு விதிகள் தோன்றினால், இரண்டாவதைச் சொல்லத் தயங்குவாள். இரண்டு வழிகளையும் காணும் பிள்ளைக்குத்தான் இத்தகைய கேள்விகளில் நேரம் அதிகம் செலவாகிறது. ஒன்றை மட்டும் கண்டவர்கள் உடனே தொட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

மறுநாள் மாலை அவளை அருகில் உட்கார வைத்துக்கொண்டு, அந்தத் தளத்தின் மின்னஞ்சல் முகவரிக்கு ஒரு கடிதம் எழுதினோம். என்ன எழுத வேண்டும் என்பதை அவள் சொன்னாள், நான் தட்டச்சு செய்தேன். இரண்டு விதிகளையும் எழுதி, இரண்டுமே நான்கு எண்களுக்கும் பொருந்துகின்றன என்று காட்டிய பிறகு, "இதை எப்படிச் சரி பண்றது?" என்று அவளிடம் கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "எட்டுக்கு அப்புறம் பதிமூணையும் அவங்களே குடுத்துட்டு, அதுக்கு அடுத்தது கேக்கலாம்ல? அப்ப என் விதி தானா அடிபட்டுடும்" என்றாள். அதையே கடைசி வரியாகச் சேர்த்து அனுப்பினோம்.

அனுப்பி 18 நாட்கள் ஆகின்றன. பதில் வரவில்லை. நேற்றிரவு அந்தப் பக்கத்தை மறுபடி திறந்து பார்த்தேன். கேள்வியில் இன்னும் அதே நான்கு எண்கள்தான் இருக்கின்றன.